ஏரிக்கரையில் இரண்டு நாள்

(சென்னையை அடுத்த பொழிச்சலூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை கிளம்பிப் போய், ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற வரைக்கும் பறவை பார்ப்பது. இதுதான் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு சொற்பொழிவா என்று யாருக்காவது தோன்றினால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும், நம் தெருவுக்குள் புகுந்த வெள்ளமும், நம் பிள்ளைகள் நாளைக்கு எங்கே மூச்சு விடப் போகிறார்கள் என்பதும் இந்தப் பொருளுக்குள் அடங்கியிருக்கின்றன.

அண்மையில் நம் ஊர்த் தம்பி ஒருவர் தன் கைப்பேசியில் படங்கள் காட்டினார். ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கிறவர். ஒரு வார இறுதியில் நண்பர்களோடு புதர்க்காட்டுக்குப் போய், கூடாரம் அடித்துத் தங்கிப் பறவை பார்த்திருக்கிறார். முள் மரங்கள், மஞ்சள் புல், விடியற்காலையில் அடுப்பில் கொதிக்கும் தேநீர். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி கேட்டாள்: "நாமெல்லாம் இதை எப்போ சார் பார்க்கப் போறோம்?"

நான் அந்தப் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. சிவந்த நீண்ட கால்களோடு சேற்றில் நடக்கும் நெடுங்கால் உள்ளான். காற்றில் அசையாமல் நின்று எலி தேடும் கருந்தோள் பருந்து. கழுத்தை மடக்கி நிற்கும் சாம்பல் நாரை. இவை அத்தனையும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. உறவுக்காரப் பறவைகளைச் சொல்லவில்லை. அதே இனம், அதே பறவை! உலகத்தில் நத்தைகுத்தி நாரை என்று இரண்டே இனங்கள்தான் உண்டு. கரிய நிறத்தில் ஒன்று ஆப்பிரிக்காவில். வெள்ளையும் சாம்பலும் கலந்த மற்றொன்று நம் ஆசியாவில். அந்த இரண்டாவது நாரை, கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகிற இடம் நம் ஊரிலிருந்து அறுபது, அறுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த மாணவி கேட்ட கேள்விக்கு என் பதில்: வருகிற சனிக்கிழமை, அம்மா.

ஜி.எஸ்.டி. சாலையைப் பிடியுங்கள். தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டிப் போங்கள். மின்சார ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் உட்காருங்கள், அந்த ஏரியிலேயே உங்கள் பறவைக் கணக்கு தொடங்கிவிடும். பாலாற்றைக் கடந்ததும் படாளம். சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். அங்கே நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் வயல்களுக்கு நடுவே ஒரு சாலை. அதன் கோடியில் வேடந்தாங்கல்.

வேடந்தாங்கல் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இந்தக் கூடத்தில் இருக்க மாட்டார்கள். பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். பார்வைக் கோபுரத்தில் ஏறி இறங்கி, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியிருப்பீர்கள். ஆனால் அந்த ஏரியை யார் காப்பாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறோமா? அரசாங்கமா? விஞ்ஞானிகளா? சட்டமா? இல்லை. ஏர் பிடித்தவர்கள் காப்பாற்றினார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். இந்த வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. கம்பெனிச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பொழுதுபோக்காக நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் என்ன செய்தார்கள்? போய் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். நாங்கள் காலங்காலமாகக் காத்து வரும் பறவைகள் இவை, இவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்துதான் எங்கள் நெல் விளைகிறது என்று எடுத்துச் சொன்னார்கள். ஆட்சியர் லயோனல் பிளேஸ் கேட்டுக்கொண்டார். இந்த ஏரியில் யாரும் பறவைகளைத் தொடக்கூடாது என்று ஊராருக்குக் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்.

இதே பிளேஸ் துரையின் பெயரைப் பக்கத்திலுள்ள மதுராந்தகத்தில், ஏரி காத்த ராமர் கோயிலிலும் கேட்பீர்கள். பெருமழையில் கரை உடையும் என்று எல்லோரும் அஞ்சிய இரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காத்து நின்றதை அவர் கண்டார் என்றும், அதன் பிறகு ஜனகவல்லித் தாயாருக்குச் சன்னிதி எழுப்ப உதவினார் என்றும் தலவரலாறு சொல்கிறது. அந்தக் கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அதில் பிடித்தது வேறு. கடவுளுக்கே ஏரிக்கரையைக் காக்கும் வேலையைக் கொடுத்த மக்கள் நம் மக்கள்! அப்படிப்பட்டவர்கள் பறவைகளைக் காக்காமல் விடுவார்களா?

பிளேஸ் போனார், கம்பெனி ஆட்சியும் போனது. ஊரார் விட்டார்களா? 1858-இல் மறுபடியும் ஆட்சியரிடம் போய்த் தங்கள் உரிமையைப் புதுப்பித்து எழுதி வாங்கினார்கள். 1936-இல்தான் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டம் வருவதற்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமம் சட்டம் போட்டு நடத்தியிருக்கிறது. சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே உள்ள சிறிய ஏரி அது. நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் அதைப் போல நான்கைந்து ஏரிகளை அடக்கலாம். இந்தியாவின் மிகப் பழைய நீர்ப்பறவைச் சரணாலயம் அந்தச் சிறிய ஏரிதான்.

அந்தக் கிராமத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஐப்பசியில் மழை இறங்கி ஏரி நிரம்பும் நேரம், முதல் நாரைகள் வந்து கிளை பார்க்கும் நேரம், அதே நேரத்தில்தான் தீபாவளியும் வருகிறது. எந்தப் பிள்ளைக்கு வெடி மேல் ஆசை இருக்காது? அந்த ஆசையை அடக்கிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மனமாரக் கைகூப்பி வணங்குகிறேன்.

பறவைக்கும் வயலுக்கும் அங்கே இருக்கிற உறவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. அடிமரம் தண்ணீருக்குள், தலை மட்டும் மேலே. பறவை ஏன் கரையிலுள்ள மரத்தை விட்டு இந்த மரத்துக்குப் போகிறது? சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பூனை வராது, கீரி வராது, நாய் வராது. தண்ணீர்தான் குஞ்சுகளுக்குக் காவல். ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் அந்தக் கிளைகளில் இருந்து எச்சமிடும்போது, அது நேரே தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. பறவை தூரத்து வயல்களிலும் குளங்களிலும் மீனும் நத்தையும் தின்று, அந்தச் சத்தை இந்த ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மழை பொய்த்தால் ஏரி இல்லை, ஏரி இல்லாவிட்டால் கூடு இல்லை. வறட்சி ஆண்டுகளில் வேடந்தாங்கல் வெறிச்சோடிக் கிடப்பதை அந்த ஊர்க்காரர்கள் வேதனையோடு சொல்வார்கள்.

சரி, மாலை நான்கு மணிக்குக் கரை ஏறுங்கள். வெயில் சாயத் தொடங்கியிருக்கும். கையில் இருநோக்கி இருந்தால் ஏதாவது ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுங்கள். நூறு பறவைகளை அரை நிமிடம் அரை நிமிடமாகப் பார்ப்பதைவிட ஒரு கூட்டை அரை மணி நேரம் பார்ப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம். நத்தைகுத்தி நாரையின் கூட்டைப் பாருங்கள். குச்சிகளை அடுக்கிய ஒரு மேடை, அவ்வளவுதான். அதில் குஞ்சுகள். வெயில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முதுகு காட்டி, இரண்டு இறக்கைகளையும் விரித்துத் தாய் நிற்கும். சாப்பிடப் போகாது, பறக்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டே நிற்கும். வெயில் நகர நகர அதுவும் நகரும்.

அதன் அலகை உற்றுப் பாருங்கள். மேலலகும் கீழலகும் நுனியில் சேரும், நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அலகு கோணலாகிவிட்டதோ என்று முதலில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுக்கிற வாழ்க்கைக்கு அமைந்த அலகு அது. இப்போது குஞ்சின் அலகைப் பாருங்கள். அங்கே இடைவெளி இருக்காது! வளர வளரத்தான் அது தோன்றுகிறது. இதை உங்கள் கண்ணால் கண்டுபிடிக்கிற அந்தக் கணம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்தப் பாடப்புத்தகத்தைச் சொல்வேன்?

பொழுது இறங்கும்போதுதான் பெரிய நிகழ்ச்சி. கொக்குகள் வெள்ளை வெள்ளையாக நாலா திசையிலிருந்தும் வந்து இறங்கும். கூழைக்கடா கால்களை முன்னால் நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து அமரும். மஞ்சள் மூக்கு நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று எல்லாம் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு இறங்கும். அதே நேரத்தில், பகல் முழுக்கத் தூங்கிய வக்காக்கள் சிவந்த கண்ணைத் திறந்து, 'வக்' 'வக்' என்று குரல் கொடுத்துக்கொண்டு இரை தேடக் கிளம்பும். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் தொழில் வளாக வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கூட்டம் உள்ளே, ஒரு கூட்டம் வெளியே. வேடந்தாங்கலின் அந்தி வேளை அதுதான்.

இரவு தங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. வனத்துறையின் விடுதி அங்கே உண்டு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூடாரத்தில்தான் படுப்பேன் என்கிற இளைஞர்கள் சரணாலயத்துக்கு வெளியே, நிலத்துக்காரரிடம் கேட்டு, அவர் சம்மதித்த தோப்பில் படுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து தங்குவது வீரம் ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தார்களே, அதை மறக்க முடியுமா? நெருப்பு மூட்டாதீர்கள். பாட்டுப் பெட்டி வேண்டாம். ஆப்பிரிக்காவில் கூடாரத்துக்குள் படுத்துச் சிங்கத்தின் குரலைக் கேட்கிறார்கள். நீங்கள் வயல்வெளியில் படுத்து ஆள்காட்டிக் குருவி நள்ளிரவில் அலறுவதைக் கேளுங்கள். பக்கிக்குருவி தரையில் உட்கார்ந்து 'டக்... டக்... டக்டக்டக்' என்று வேகம் கூட்டிக்கொண்டே போவதைக் கேளுங்கள். விமானச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த பொழிச்சலூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஓர் இரவே போதும், காது புதிதாகத் திறந்துகொள்ளும்.

ஞாயிறு காலை விடிவதற்கு முன் கரிக்கிலி. பத்துக் கிலோமீட்டர் தூரம். 1989-இல் சரணாலயமானது. அதுவும் 2022-இல் ராம்சார் இடமானது. அங்கே கூட்டம் இருக்காது, கடைகள் இருக்காது. வேடந்தாங்கல் மரத்தில் வாழும் பறவைகளின் ஊர் என்றால் கரிக்கிலி தண்ணீரில் மிதக்கும் பறவைகளின் ஊர். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் அங்கே வரும். இவைதான் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இமயத்தைத் தாண்டி வருகிற விருந்தாளிகள்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைத் திருத்தியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகையில் படிக்கிறோம், வேடந்தாங்கலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பறவைகள் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன என்று. அங்கே கூடு கட்டுகிற நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் இந்த நாட்டுப் பறவைகள். மழையையும் தண்ணீரையும் தேடி ஏரிக்கு ஏரி, மாவட்டத்துக்கு மாவட்டம் போய்வருகிறவை. வடக்கேயிருந்து குளிருக்கு அஞ்சி வரும் வாத்துகள் இங்கே கூடு கட்டுவதில்லை. சாப்பிட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு, வெயில் ஏறியதும் திரும்பிப் போய்த் தங்கள் ஊரில் குஞ்சு பொரிக்கும். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன்? வெளிநாட்டு விருந்தாளி என்றால்தான் நமக்கு மதிப்பா? நம் ஏரியில் பிறந்து, நம் வயலில் மேய்ந்து, நம் நெல்லுக்கு உரமிடும் பறவைக்கு மதிப்பு இல்லையா?

வலசையின் பெருமையைச் சொல்வதென்றால் ஆப்பிரிக்காவோடு நம்மைப் பிணைக்கிற ஒரு சின்னப் பறவையைச் சொல்கிறேன். அமூர் வல்லூறு. எடை சுமார் 150 கிராம். வடகிழக்கு ஆசியாவில் பிறந்து, இலையுதிர் காலத்தில் நாகாலாந்தில் வந்து இளைப்பாறி, இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலுக்கு மேலே நிற்காமல் பறந்து, தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளுக்குப் போகிறது. நம் தம்பி படம் எடுத்த அந்தக் கண்டம்தான்! 2012-இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் இந்தப் பறவைகளை வலை விரித்து ஆயிரமாயிரமாய்ப் பிடித்துக் கொன்றார்கள். உலகமே பதறியது. அடுத்த ஆண்டு என்ன நடந்தது? வலை விரித்த அதே பாங்தி கிராமத்து மக்கள் ஊர் கூடித் தடை போட்டார்கள். வேட்டைக்காரர்களே காவலர்கள் ஆனார்கள். ஓர் ஊர் மனம் வைத்தால் ஒரே ஆண்டில் மாற முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடி நாம் எங்கும் போக வேண்டாம். பள்ளிக்கரணைக்குப் போனால் போதும். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு நிலம் அது. தென்சென்னையின் மழைநீரெல்லாம் தங்கி வடிந்த தாழ்வான இடம். அதன் மேல் சாலை போட்டோம், கட்டடம் எழுப்பினோம், பெருங்குடிப் பக்கம் குப்பையைக் கொட்டினோம். 2007-இல் எஞ்சியதில் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் 1,248 ஹெக்டேர் ராம்சார் எல்லைக்குள் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் பூநாரைகள் அங்கே வருகின்றன. நீளவால் இலைக்கோழி தாமரை இலைமேல் நடக்கிறது. நாம் கைவிட்ட இடத்தை அவை இன்னும் கைவிடவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். பொழிச்சலூரை ஒட்டி ஓடுவது என்ன? அடையாறு. ஆதனூர்ப் பக்கம் ஏரிகளின் உபரி நீராகப் பிறந்து, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாக நம்மைத் தொட்டுக்கொண்டு விமான ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து போகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு என்ன செய்தது என்பதை இந்தக் கூடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மாடியில் நின்று விடிய விடியத் தண்ணீரைப் பார்த்தவர்கள் நீங்கள். விமான நிலையமே மூழ்கி நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. மழை பெரிது, உண்மை. ஆனால் மழையை வாங்கி வைக்க வேண்டிய ஏரிகள் எங்கே? கலங்கல் எங்கே? வரத்துக் கால்வாய் எங்கே? அவற்றைப் பார்த்தவர்கள் யார்? தினமும் அந்தப் பக்கம் போனோம், வந்தோம். பார்த்தோமா?

பறவை பார்க்கப் பழகியவன் ஏரியைப் பார்ப்பான். இதுதான் நான் சொல்ல வந்தது. நாரை இந்த ஆண்டு ஏன் வரவில்லை என்று கேட்கிறவன், தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்று கேட்பான். தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறவன், கால்வாயை யார் அடைத்தார்கள் என்று கேட்பான். 2020-இல் வேடந்தாங்கலின் ஐந்து கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையை மூன்றாகச் சுருக்கும் யோசனை எழுந்தபோது குரல் கொடுத்தவர்கள் யார்? அந்தக் கரையில் ஒரு மாலையாவது நின்று பார்த்தவர்கள் அதில் முன்னால் நின்றார்கள்.

இதோ, நம் தலைக்கு மேலே வட்டமிடும் கரும்பருந்துகளைப் பாருங்கள். இத்தனை பருந்து இங்கே எதற்கு? ஆற்றோரம் கொட்டும் இறைச்சிக் கழிவுக்காக. அதே வானத்தில் விமானங்கள் தாழப் பறந்து இறங்குகின்றன. பருந்து விமானத்தில் மோதினால் பருந்துக்கும் ஆபத்து, அதிலிருக்கும் மனிதர்களுக்கும் ஆபத்து. கழிவு கொட்டுவதை நிறுத்துவது நம் தெருவில், நம் கையில் இருக்கிற வேலை. பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி, நடைமுறைக்கு வருவோம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இருநோக்கி வாங்குகிறவர்கள் 8x40 அல்லது 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள், கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். பணம் இல்லையா? நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். க. ரத்னம் அவர்களின் தமிழ்நாட்டுப் பறவைகள் நூலை நூலகத்தில் கேளுங்கள். மா. கிருஷ்ணனைப் படியுங்கள். நம் மண்ணின் உயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாழ்நாள் முழுக்க எழுதிய அந்தப் பெரியவரின் தமிழ், படிக்கப் படிக்கச் சுவை. பளிச்சென்ற சட்டை வேண்டாம். கூட்டை நெருங்க வேண்டாம். பறவையின் குரலைக் கைப்பேசியில் போட்டு அதை அழைக்கவே வேண்டாம். கூட்டிலிருக்கும் தாய் அலைக்கழியும்.

ஒரு சிறு குறிப்பேடு, ஒரு பேனா. நாள், நேரம், இடம், பறவை, எத்தனை, என்ன செய்தது. ஆறே சங்கதிகள். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுவதும் ஆர்வலர்கள் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கிறார்கள். பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலும் அது ஒரு பதிவு. வரும் பொங்கலுக்கு நம் அடையாற்றங்கரையும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். வெண்மார்பு மீன்கொத்தி, கானாங்கோழி, மடையான், நீர்க்காகம் என்று எழுதத் தொடங்குங்கள். ஐந்து பொங்கல் எழுதிவிட்டால், ஆறு மேம்பட்டதா கெட்டதா என்று அதிகாரியிடம் பேச நம் கையில் நம் கணக்கு இருக்கும்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் கூடுகிறோம். தாம்பரத்திலிருந்து ரயில், செங்கல்பட்டிலிருந்து பேருந்து. ஒருவேளைக் கட்டுச்சோறு, தண்ணீர்ப் பாட்டில், போர்வை, தொப்பி. ஞெகிழிப் பை யாரும் எடுத்து வர வேண்டாம். பிள்ளைகள் பெற்றோரின் சம்மதக் கடிதத்தோடு வர வேண்டும். பெற்றோரே கூட வந்தால் இன்னும் மகிழ்ச்சி. பெயர் கொடுக்கிற நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது.